தொட்டி கொஞ்சம் பெருசு

நாகலூர்
17.8.2025

அன்பு நாத்தனார் செசிலிக்கு லில்லி அண்ணி எழுதிக்கறது. இங்க எல்லாரும் சுகம். நீயும் மடத்துல சிஸ்டர்மாரும் சுகமா? முழங்கால் வலி குறைஞ்சுதா? மண்டி போட்டு மண்டி போட்டுத் தேஞ்சே போயிருக்குமே.

உன்னை சிஸ்டர்னு கூப்பிடறதா, கண்ணுன்னு கூப்பிடறதான்னு எனக்கு இன்னும் தெளியலை. கம்பிவலைக்குப் பின்னாடி நீ முக்காடு போட்டு உக்காந்திருக்கறப்ப சிஸ்டர்னு வருது. ஊட்டுல உக்காந்து எழுதறப்ப கண்ணுன்னுதான் வருது. உங்க மதர் படிச்சா சிரிச்சுக்கட்டும்.

மழை விட்டபாடில்லை. துணி காஞ்சு ஒரு வாரம் ஆச்சு. உங்கண்ணன் நல்லா இருக்காரு. எஸ்டேட் ரைட்டர்னு பேரு, கையில இருக்கற எழுத்தெல்லாம் ஆள்வரவு எழுதற மஸ்டர் ரோல்லயே தீந்துபோகுது, கூடப் பொறந்தவளுக்கு எழுத ஒரு வரி மிச்சமில்லை. கேட்டா, "நீதான் எழுதறியே"ங்கறாரு. பக்கத்துத் தோட்டத்துக் காளியாயி கேப்பை மாவு கொண்டாந்து குடுத்துட்டு உன்னைக் கேட்டா. "அந்தப் புள்ளைய எப்பங்க வெளிய உடுவாங்க?"ன்னா. உடவே மாட்டாங்கன்னு சொன்னேன். அழுதுட்டா, போ.

எனக்கு உடம்பு அப்படி இப்படித்தான். காபித் தோட்டத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டு காபி வாசனை ஆக மாட்டேங்குது. சேலத்து டாக்டரம்மாகிட்டப் போய்ட்டு வர்றோம்.

சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது. நாலாம் மாசம் செசி. யாருக்கும் சொல்லலை. நீயும் சொல்லாதே. போன தடவை எட்டாம் மாசம் வரைக்கும் ஆசைய வளத்து, தொட்டில் வாங்கி, ஸ்வெட்டர் பின்னி, கடைசில வெறுங்கையோட ஊடு திரும்பினேன். இன்னொரு தடவை என்னால ஆகாது. இந்தத் தடவை ஒரு துணி வாங்க மாட்டேன். பேர் யோசிக்க மாட்டேன். வந்தா வரட்டும்.

ஜெபத்துல நினைச்சுக்கோ.

இப்படிக்கு,
மழைக்குள்ள இருந்து உன் அண்ணி
லில்லி


மடம்
7.9.2025

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

என் பிரியமான அண்ணி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எழுந்து ஓடவேண்டும் போல் இருந்தது. எங்கே ஓடுவது? தோட்டத்தைச் சுற்றி ஓடினேன். மதர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன். இப்போது மடத்தில் அத்தனை பேரும் உங்களுக்காக நவநாள் செய்கிறோம்.

பயப்படாதீர்கள் அண்ணி. எலிசபெத்தம்மாளுக்கு முதிர்ந்த வயதில் பிள்ளை கொடுத்த ஆண்டவர் உங்களைக் கைவிடமாட்டார். விசுவாசம் உள்ள இடத்தில் பயத்துக்கு இடமில்லை. பேர் யோசிக்கமாட்டேன் என்றீர்கள், அதனால் நானே யோசித்து வைத்தேன். ஆண் என்றால் லியோ, அமல். பெண் என்றால் ஜெசிந்தா, அமலி. எனக்கு அமலிதான் பிடித்திருக்கிறது.

என் முழங்கால் பரவாயில்லை. அண்ணனையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காளியாயி அக்காவிடம், உள்ளே நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்களுக்காக ஜெபிக்கும்
செசிலி


நாகலூர்
28.9.2025

செசிலிக்கு,

சுகம். நீ சுகமா?

யாருக்கும் சொல்லாதேன்னு எழுதினேன். மடம் பூரா சொல்லியிருக்கே. பேர் வேண்டாம்னேன். நாலு பேரு எழுதியிருக்கே. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

எலிசபெத்தம்மா கதைய எனக்குச் சொல்லாதே. போன தடவை அதே கதைய அதே எழுத்துல எழுதினவதான் நீ. எனக்கு விசுவாசம் பத்தலைன்னா என் பிள்ளை போச்சு? அதைத்தான் சொல்ல வர்றியா? அந்தக் குழி மேல நின்னவ நான். நீ நிக்கலை.

உங்கண்ணன் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு.

லில்லி


மடம்
5.10.2025

அண்ணி,

சுகம் விசாரிக்கக்கூட கூச்சமா இருக்கு. என்னை மன்னிச்சிருங்க.

நான் எழுதினதுல பாதி புத்தகத்துல இருந்து வந்தது. உள்ள இருந்து எழுதறப்ப அந்த பாஷைதான் கைக்கு வருது. நான் ஊட்டுல பேசற மாதிரியே இப்ப எழுதறேன். உங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. நான் குழி மேல நிக்கலைங்கறதும் நெசம்தான். மதர்கிட்டப் போய், இனிமே அண்ணி பேரைச் சொல்லி யாரும் ஜெபிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். எல்லாரும் சரின்னாங்க. ஆனா சமையல்கட்டு சிஸ்டர் மட்டும் உங்களுக்காக ஒரு வேளை காபி குடிக்கறதில்லை. அவங்களை என்னால ஒண்ணும் பண்ண முடியலை.

பதில் எழுதணும்னு இல்லைங்க. எழுதினா சந்தோஷப்படுவேன்.

உங்க செசி


நாகலூர்
3.11.2025

கண்ணு செசிக்கு,

ஒரு மாசமா எழுதாம இருந்தேன். கோவம் எப்பவோ போயிருச்சு, எழுதத்தான் கை வரலை. எல்லாரும் சுகம். உனக்கும் அந்தக் காபி குடிக்காத சிஸ்டருக்கும் சுகம் கேக்கறேன். காபி குடிக்கச் சொல்லு அவங்களை. எங்க மலைக் காபி விக்காமப் போயிரப் போகுது.

நேத்து கல்லறைத் திருநாள். மஞ்சமஞ்சேர்னு சாமந்தி வாங்கிட்டு நானும் உங்கண்ணனும் போனோம். பேர் வைக்காத பிள்ளைக்குச் சிலுவையில என்ன எழுதறதுன்னு அப்பவே தெரியலை, அதனால இப்பவும் வெறும் சிலுவைதான். இவரு புல்லைப் புடுங்கினாரு. நான் மெழுகுவத்தி ஏத்தினேன். காத்து அணைச்சுது, திரும்ப ஏத்தினேன், திரும்ப அணைச்சுது. "உடு லில்லி, அது தூங்கட்டும்"னாரு. உங்கண்ணன் வாயில இருந்து இந்த வருசத்துல வந்த பெரிய பேச்சு அதுதான்.

வயிறு மறைக்க முடியலை. காளியாயி முறைச்சுப் பாத்துட்டு, "ஏனுங்க, சொல்லாட்டித் தெரியாதுங்களா?"ன்னா. வளையல் போட வர்றேன்னா. வேண்டாம்னுட்டேன். ஊட்டுல இன்னும் ஒரு கிழிசல் துணிகூட எடுத்து வைக்கலை செசி. எனக்குப் பயமா இருக்கு. அடுத்த மாசம் எட்டாம் மாசம்.

காபிப் பழம் சிவக்க ஆரம்பிச்சாச்சு.

உன் அண்ணி
லில்லி


மடம்
23.11.2025

என் அண்ணிக்கு,

இங்க எல்லாரும் சுகமா இருக்கோம். உங்களுக்குக் கால் வீங்குதா? வீங்கினா தலைகாணி வச்சு உசத்தி வைங்க, இது புத்தகத்துல இருந்து வந்ததில்லை, எங்க மருத்துவ சிஸ்டர் சொன்னது.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் ஆரம்பிச்சுருது. எங்க சட்டம் உங்களுக்குத் தெரியும். அன்னையில இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் கடிதம் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. வர்றதை மதர் நூல் போட்டுக் கட்டி வச்சிருந்து, திருநாள் காலையில தருவாங்க. தவக்காலத்துலயும் அப்படித்தான். ரெண்டு காலத்துலயும் காத்திருக்கறதே வேலை.

ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னா விட்டுருங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப நம்ம நாகலூர்க் கோயில்ல, குடிலுக்கு வைக்கற தீவனத்தொட்டில நாங்கதான் படுக்கை போடுவோம். மலையில வைக்கோல் ஏது? சில்வர் ஓக் சருகுதான். யாருக்கும் தெரியாம ஒரு நல்லது செஞ்சா ஒரு சருகு. செய்யாததுக்கும் சேத்து அள்ளிப் போட்டு அம்மாகிட்ட நான் அடி வாங்கியிருக்கேன்.

இந்த வருசம் நீங்க போடுங்க அண்ணி. நல்லது ஒண்ணும் செய்ய வேண்டாம். பயம் வர்றப்பல்லாம் ஒரு சருகு போடுங்க. ஜெபம்கூடச் சொல்ல வேண்டாம், அதை நான் பாத்துக்கறேன். உங்க பிள்ளைக்கு எதுவும் தயார் பண்ண மாட்டேன்னீங்க, சரிதானுங்க. பாலனுக்கு மட்டும் ஒரு படுக்கை போடுங்க.

அண்ணனுக்கு என் அன்பு. கிறிஸ்துமஸ் காலையில உங்களைப் படிப்பேன்.

செசி


நாகலூர்
8.12.2025

கண்ணு செசி,

சுகம்தானே? நீ இப்பப் படிக்க மாட்டேங்கற தைரியத்துல எழுதறேன். நல்ல சட்டம்தான் போ, உங்க சட்டம்.

தொட்டி கரையான் அரிச்சுப் போச்சுன்னு புதுசு செய்யச் சொல்லி ஃபாதர் உங்கண்ணன்கிட்டச் சொல்லியிருக்காரு. பழம் எடுக்கற சீசன்ல ஆள் மூச்சு விட நேரமில்லாம திரியறாரு, ஆனா சரின்னுட்டாரு. எம்மாம் பெருசு வேணும்னு என்கிட்டக் கேட்டாரு. அடுப்புல குழம்பு கொதிக்குது, நான் திரும்பி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். டேப் வச்சு என் கைக்கு நடுவுல அளந்துட்டுப் போனாரு.

நீ சொன்ன மாதிரி சருகு பொறுக்கறேன். ஊட்டுக்குப் பின்னாடி சாக்குல சேத்து வச்சிருக்கேன். உன் கணக்குப்படி பயத்துக்கு ஒண்ணுன்னா சாக்கு பத்தாது. காலையில எந்திரிச்சா பயம், உதைச்சாப் பயம், உதைக்காட்டி அதைவிடப் பயம்.

நேத்துப் பிரசங்கத்துல, மேடெல்லாம் தாழணும், பள்ளமெல்லாம் நிமிரணும், ஆண்டவருக்கு வழி பண்ணுங்கன்னாரு ஃபாதர். அடிவாரத்துல இருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை கொண்டை ஊசி வளைவு, இதை யார் நிமித்தறதுன்னு நினைச்சுக்கிட்டேன். அவரும் வாந்தி எடுத்துக்கிட்டு பஸ்ஸுலதான் வரணும்.

உங்கண்ணன்கிட்டகூடச் சொல்லாததை இங்க எழுதறேன். உள்ள உதைக்குது செசி. நொம்ப உதைக்குது. நான் பதில் சொல்றதில்லை. கைய வயித்து மேல வைக்கறதுகூட இல்லை. போன தடவை எவ்வளவு பேசினேன் தெரியுமா? அரிசி களையறப்பப் பேசினேன், பூசையில பேசினேன். பேசினா அது பாட்டுக்கு நமக்குச் சொந்தமாயிருது. இது உதைச்சுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, நான் செவிடாட்டம் உக்காந்திருக்கேன். இப்படியும் ஒரு அம்மா இருப்பாளா?

லில்லி


நாகலூர்
15.12.2025

செசி கண்ணு,

உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கேன், அதையும் மதர் கட்டி வச்சிருவாங்களோ என்னமோ. எனக்குக் கால் வீக்கம் கொஞ்சம் இருக்கு, தலைகாணி வைக்கறேன்.

நேத்து ரோஸ் மெழுகுவத்தி ஏத்தற ஞாயிறு. பூசை முடிஞ்சு குடில் கட்ட எல்லாரும் நின்னோம். உங்கண்ணன் தொட்டியத் தூக்கிட்டு வந்து வச்சாரு. நல்லா இழைச்சு, ஓரமெல்லாம் உருட்டி, ஒரு சிலாம்புகூட இல்லாம செஞ்சிருக்காரு. நான் சாக்கைக் கவுத்துச் சருகைப் பரப்பினேன். அளவு பாக்கலாம்னு உபதேசியார் பாலன் சுரூபத்தைப் பெட்டில இருந்து எடுத்து உள்ள வச்சாரு.

பாலனைக் காணோம். சுரூபம் ஒரு சாண்தான், உனக்குத் தெரியுமே. தொட்டி மூணு சாண். சருகுல புதைஞ்சு மூக்கு மட்டும் தெரியுது. கோயிலே சிரிச்சுது. "ஏம்மா லில்லி, மூணு ராஜாவும் இதுலயே படுத்துக்கலாமே"ன்னாரு உபதேசியார். ஃபாதரும் சிரிக்கறாரு. இவரு, "அவ காட்டின அளவுதானுங்க"ன்னு என்னைப் பாக்கறாரு.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது செசி, அன்னிக்கு அடுப்படில நின்னு நான் எதைக் காட்டினேன்னு. சுரூபத்தை இல்லை. போன தடவை என் கையில துணி சுத்திக் குடுத்தாங்களே, அந்த அளவுகூட இல்லை. அதைவிடப் பெருசு. நிறைமாசம் வளந்து நல்லபடியா வர்ற பிள்ளையோட அளவு. துணி வாங்கலை, பேர் வைக்கலைன்னு உன்கிட்ட என்ன பேச்சுப் பேசினேன்! கை அது பாட்டுக்கு எல்லாத்தையும் தயார் பண்ணிருச்சு.

அங்கயே உக்காந்து அழுதுட்டேன். சிரிச்சவங்கெல்லாம் பதறிட்டாங்க. அப்பப் பாத்து உள்ள ஒரு உதை. இரு கண்ணு, இருன்னு சொல்லிட்டேன். சத்தமாவே சொல்லிட்டேன் செசி. கையும் வயித்து மேல போயிருச்சு.

தொட்டிய வெட்டிச் சின்னதாக்கிரலாமான்னு உங்கண்ணன் கேட்டாரு. "அப்படியே இருக்கட்டும், ஜெப்சன். திருநாள் முடிஞ்சு குடிலைப் பிரிக்கறப்ப நீங்களே எடுத்துக்கங்க"ன்னாரு ஃபாதர். பிள்ளை பொறக்காம தொட்டில் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னேன். "அதனாலதான் கோயில்லயே இருக்கட்டும்ங்கறேன்"னாரு.

இப்பப் பேசிக்கிட்டே இருக்கேன். சேத்து வச்சதெல்லாம் பேசணுமில்ல.

உன் அண்ணி
லில்லி


நாகலூர்
20.12.2025

செசி,

சுகமா? இங்க இவரு சுகம்.

நேத்துச் சாயங்காலத்துல இருந்து அசைவு கம்மியா இருக்கு. இனிப்புக் குடிச்சுப் பாத்தேன், ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்தேன். காளியாயி வந்து கைய வச்சுப் பாத்துட்டு, நேரா போய் என் துணிய எடுத்துப் பையில வைக்க ஆரம்பிச்சுட்டா. சேலத்துக்குக் கிளம்பறோம், கார் சொல்லியிருக்காரு.

போன தடவையும் இதே எட்டாம் மாசம்தான்.

பேச ஆரம்பிச்சிருக்கக் கூடாதோன்னு தோணுது. இல்லை, அப்படி இல்லை. பேசினது நல்லதுதான். வண்டில போறப்பவும் பேசுவேன். காளியாயிகிட்ட இதைக் குடுத்து தபால்ல போடச் சொல்றேன்.

நீ எனக்காக ஜெபம் பண்ணு கண்ணு. பேரைச் சொல்லியே பண்ணு. எல்லாரையும் பண்ணச் சொல்லு.

லில்லி


மடம்
26.12.2025

என் அண்ணி,

சுகமான்னு எழுதிட்டு, அதை அடிச்சுட்டேன்.

நேத்துக் காலையில மதர் கட்டைக் குடுத்தாங்க. நூலைப் பிரிக்காம நொம்ப நேரம் மடியில வச்சுக்கிட்டு இருந்தேன். இதை நான் உங்ககிட்டச் சொன்னதே இல்லை. போன தடவை உங்க பிள்ளை போனது தவக்காலத்துல. மடத்துக்குப் போன் பண்ண வேண்டாம்னு நீங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்க, கடிதம் கட்டுக்குள்ள இருந்துச்சு. நான் நாப்பது நாளும் அந்தப் பிள்ளை நல்லாப் பொறக்கணும்னு ஜெபிச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணி. அது மண்ணுக்குள்ள இருக்கு, நான் அதுக்குச் சுகப் பிரசவம் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஈஸ்டர் காலையில பிரிச்சுப் படிச்சேன். அல்லேலூயா பாடிட்டு வந்து படிச்சேன். அன்னையில இருந்து எனக்குக் கடிதம்னாப் பயம். அந்தப் பயத்துக்கு மேலதான் எலிசபெத்தம்மா கதைய எழுதிப் போட்டேன்.

நேத்துக் கடைசிக் கடிதத்தை முதல்ல பாக்கலாம்னு கை போச்சு. பாக்கலை. நீங்க கடந்து வந்த வரிசையிலேயே நானும் வரணும்னு ஒண்ணொண்ணாப் படிச்சேன். தொட்டிக் கதையில சத்தம் போட்டுச் சிரிச்சு அழுதேன். அப்புறம் இருபதாம் தேதிக் கடிதம். அதோட கட்டு முடிஞ்சு போச்சு.

இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. பிள்ளை இருக்கா, இல்லையான்னு தெரியாமத்தான் இதை எழுதறேன். வாசல் போன்ல இருந்து கூப்பிட்டுக்கோன்னு மதர் சொன்னாங்க. நம்பரைப் போட்டு, மணி அடிச்சதும் வச்சுட்டேன். இல்லைன்னு உங்க குரல்ல கேக்கற தைரியம் எனக்கில்லை.

நீங்க சொன்னபடி பேரைச் சொல்லி ஜெபிக்கறோம். காலையில இருந்து மடத்துல லில்லி, லில்லின்னுதான் சத்தம்.

எது நடந்திருந்தாலும் நீங்க கைய விரிச்சுக் காட்டினது வீண் இல்லை அண்ணி.

செசி


சேலம்
30.12.2025

அன்புள்ள தங்கை செசிலிக்கு அண்ணன் ஜெப்சன் எழுதுவது. நலம். நலமறிய ஆவல்.

உன் 26-ஆம் தேதிக் கடிதத்தைக் காளியாயி நேற்று பஸ்ஸில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் கொடுத்தார். லில்லிக்கு வாசித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை, அவளே வாங்கி வாசித்தாள்.

இருபதாம் தேதி வந்தவுடன் அட்மிட் செய்தார்கள். துடிப்புக் குறைகிறது என்று மறுநாள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. மாதம் நிறையாததால் எடை ரெண்டு கிலோவுக்குக் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். முதலில் அழவில்லை. பிறகு அழுதது. இன்றுதான் வெளியில் எடுத்து லில்லி கையில் கொடுத்தார்கள். டாக்டர் இனிமேல் பயமில்லை என்றார். நான் ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் அதையே சொன்னார்.

நானும் போன் போட எண்ணை எடுத்தேன் செசி. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த வாரம் வந்த ஒரு மிஸ்டு கால் நீ கூப்பிட்டதுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. நாம் ரெண்டு பேரும் அப்பா மாதிரிதான், பயம் வந்தால் வாய் வராது.

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அண்ணன்
ஜெப்சன்


நாகலூர்
18.1.2026

என் கண்ணு செசிக்கு,

அண்ணியும் மருமகளும் சுகம். உனக்கும், மதருக்கும், அந்தச் சமையல்கட்டு சிஸ்டருக்கும் சுகம் கேக்கறோம். அவங்களை இன்னிக்கே ரெண்டு டம்ளர் காபி குடிக்கச் சொல்லு, உங்கண்ணன் பொடி அனுப்பறாரு.

பொங்கலுக்கு முந்தி ஊடு வந்துட்டோம். வளையல் போட விடலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த காளியாயி, பிள்ளைக்குக் கருவளையல் கொண்டாந்து போட்டா. பிள்ளை கைய விட வளையல் பெருசு, ஓடி ஓடி முழங்கைக்குப் போகுது. "கெடக்கட்டுங்க, கை பெருசாகும்"னா.

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியலை. நான் மட்டும்தான் அந்தக் குழி மேல நின்னேன்னு நினைச்சிருந்தேன். நீ நிக்கலைன்னு வேற எழுதினேன். பாவி, நாப்பது நாள் நின்னிருக்கே. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு மெழுகுவத்தி ஏத்தறேன், ஒண்ணு உன் பேர்ல.

நீ எழுதின பேரைக் கிழிச்சுப் போட்டேன்னது பொய். அரிசி டப்பாவுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. அடுத்த மாசம் ஞானஸ்நானம், அதுக்குத்தான் நீ வர முடியாதே. அமலின்னே வச்சுட்டோம்.

ராஜாக்கள் திருநாள் கழிச்சுக் குடிலைப் பிரிச்சும் தொட்டி கோயில்லயே இருந்துச்சு. நாங்க வந்த அன்னிக்கு உங்கண்ணன் போய்த் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தாரு. சருகைக் கொட்ட வேண்டாம்னேன். மேல என் பழைய பருத்திச் சேலையை நாலா மடிச்சுப் போட்டோம். பிள்ளை திரும்பினா அடியில சரசரன்னு சத்தம் கேக்குது. அதைக் கேட்டுக்கிட்டேதான் எழுதறேன்.

இப்பவும் தொட்டி கொஞ்சம் பெருசுதான் செசி. கால்மாட்டுல ஒரு சாண் மிச்சம் இருக்கு. வெட்டட்டுமான்னு இவரு மறுபடியும் கேட்டாரு. வேண்டாம், அவ வளந்து வரட்டும்னுட்டேன்.

உன் அண்ணி
லில்லி